வெள்ளானூருக்குப் போக வேண்டிய ஊர்வலம்

ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு இனிமேல் கிடையாது, பஸ் ஓடும், கோயில் திறக்கும், இ-பாஸ் இல்லாமல் ஊருக்குப் போகலாம் என்று டிவியில் சொன்னதுதான் தாமதம், ஆவடி குவார்ட்டர்ஸில் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வேலை என்று ஒன்றும் கிடையாது. சும்மா வந்தார்கள். மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு, மாசக்கணக்கில் பார்க்காத பக்கத்து பிளாக் ஆட்களைப் பார்த்து, "இன்னாபா, நல்லா கீறியா?" என்று கேட்டார்கள். "கீறேன்பா" என்று பதில் வந்ததே அன்றைக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

கலைவாணிக்கும் சந்தோஷம்தான். கீரைக்காரம்மா பழையபடி வாசலில் கூடையை இறக்கினாள். வாங்கின காய்கறியையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, துணிபோல வெயிலில் காயவைக்கிற கூத்தை நிறுத்தியாயிற்று. ஹாலையே ஆபீஸாக்கிக்கொண்டு, "மா, மீட்டிங்ல இருக்கேன், மிக்ஸி போடாத" என்று அதட்டிக்கொண்டிருந்த மகள் லாவண்யாகூட, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் வரைக்கும் போய் தோழியைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் கலைவாணி தேங்காய்ச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, தேவையே இல்லாமல் ஒரு தக்காளிச் சட்னி என்று மிக்ஸியை ஆசை தீர ஓட்டினாள்.

ஒரே ஒரு தலைவலிதான் தீராமல் கிடந்தது. அதன் பெயர் கிருபாகரன். அவள் வீட்டுக்காரர்.

கிருபாகரன் அந்தக் குவார்ட்டர்ஸைக் கட்டின அரசாங்கத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஃபிட்டராக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாசக் கடைசியோடு அறுபது முடிந்து ஓய்வு பெற்றாயிற்று. அதை ஆபீஸ் ஒத்துக்கொண்டது, ஊர் ஒத்துக்கொண்டது, பேங்க்கூட ஒத்துக்கொண்டு பென்ஷன் போட ஆரம்பித்துவிட்டது. ஒத்துக்கொள்ளாத ஆள் அவர் ஒருவர்தான்.

தப்பு முழுக்க அவர் மேலும் இல்லை. மார்ச் மாசம் ஒரு சனிக்கிழமை எப்போதும்போல டூட்டி முடித்து, லாக்கரைப் பூட்டி, "திங்கக்கெழம பாக்கலாம்பா" என்று பக்கத்து மிஷின்காரரிடம் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தார். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. ஊரடங்கு போட்டார்கள், கேட்டை மூடினார்கள். ஏப்ரல் கடைசி நாளில் ஆபீஸிலிருந்து யாரோ ஒரு பையன் ஃபோன் பண்ணி, "அண்ணே, இன்னியோட உங்க சர்வீஸ் முடியுது. வாழ்த்துகள்ணே. வெளிய வராதீங்க, பத்திரமா இருங்க" என்றான். "செரிப்பா" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு மோர்சாதம் சாப்பிட்டார். முப்பத்தேழு வருஷத்து உழைப்பு ஒரு மோர்சாதத்தோடு முடிந்துபோச்சே என்று கலைவாணிதான் சமையற்கட்டில் நின்று அழுதாள். அவர் அழவில்லை. மறுநாள் விடிகாலையில் எழுந்து குளித்து, நீலச் சட்டையும் பேண்ட்டும் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு ஹால் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க இது கோலம்?"

"லாக்டவுன் முடிஞ்சதும் கூப்ட்டு உடுவாங்க. அன்னிக்கிப் போயி சட்டையத் தேடிகினு இருக்க முடியுமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அதே சட்டை. அதற்கடுத்த நாளும். மத்தியானம் டிபன் கேரியரில்தான் சாப்பாடு வேண்டும். தட்டில் போட்டால் முகம் சுருங்கிவிடும். மே மாசம் தொழிற்சாலையைக் கொஞ்சம் ஆட்களோடு திறந்தபோது, "பாதிப் பேரத்தான் இட்டுகீறாங்க. அடுத்த லிஸ்ட்ல என் பேரு வரும்" என்றார். மிச்ச நேரத்தில் வீட்டை ரிப்பேர் பண்ணினார். சொட்டுகிற குழாயை அடைத்தார், சொட்டாத குழாயைக் கழற்றிச் சொட்டவிட்டு அப்புறம் அடைத்தார். ஃபேனை இறக்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை அக்கக்காகப் பிரித்துப் பேப்பரில் பரப்பிவைத்தார். மூன்று நாள் அம்மியில் அரைத்த கலைவாணிக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

பைத்தியமா என்றால் இல்லை. கணக்கு வழக்கு, பேச்சு, சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில்தான் மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை. லாவண்யா அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னாள். ஃபோனிலேயே டாக்டரைப் பார்க்கலாம், வீடியோவில் பேசினால் போதும் என்றாள்.

"டாக்டரு வந்து மாலை போடுவாராடி?" என்றாள் கலைவாணி.

"எதுக்கும்மா மாலை?"

எதற்கு என்றால், அந்தக் குவார்ட்டர்ஸின் வழக்கம் அப்படி. ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட முடியாது. செக்‌ஷன் ஆட்கள் அத்தனை பேரும் கேட்டிலேயே மறித்து, ஆளுயர ரோஜா மாலை போட்டு, சால்வை போர்த்தி, பூக்கட்டின வண்டியில் ஏற்றி, மேளமும் சரவெடியுமாகத் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விடுவார்கள். வாசலில் அந்த வீட்டம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பாள். ஆரத்தி சுற்றி, உள்ளே அழைத்து, எல்லோருக்கும் லட்டும் மிக்சரும் கொடுத்தால்தான் அந்த மனுஷனின் வேலை முடிந்ததாக அர்த்தம். அரசாங்கம் கொடுக்கிற காகிதமெல்லாம் அப்புறம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபது வருஷமாக அந்தச் செக்‌ஷனின் ஊர்வலத்தையெல்லாம் நடத்தினவரே கிருபாகரன்தான். மாலை எந்தக் கடையில், மேளம் யார், சரவெடியை எந்த முனையில் கொளுத்துவது, எந்தத் தெருவில் திரும்புவது எல்லாம் அவர் சொல்கிறபடிதான் நடக்கும். சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டே, பின்பக்கம் திரும்பிக் கையை ஆட்டி, கும்பலைத் தள்ளிக்கொண்டு வருவார். ஆரத்தி டிபார்ட்மெண்ட் கலைவாணியுடையது. மஞ்சளும் சுண்ணாம்பும் எவ்வளவு கரைத்தால் சிவப்பு சரியாக வரும் என்று அவளைத்தான் கேட்பார்கள். அடுத்தவர்கள் வீட்டு வாசலிலேயே இத்தனை வருஷம் நின்றவளுக்குத் தன் வாசலில் நிற்க ஆசை இருக்காதா? இருந்தது. ஏப்ரலில் கட்டுவதற்கென்று தையிலேயே அரக்குக் கலரில் ஒரு பட்டு எடுத்து வைத்திருந்தாள்.

போன ஐந்து மாசத்தில் அவளுடைய ஆசையெல்லாம் வேறு கவலையாக மாறிவிட்டது. முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் கேட்டுக்குள் போன மனுஷனை யாரும் வெளியே கூட்டி வந்து வீட்டில் விடவில்லை. அதனால்தான் இவர் இன்னும் உள்ளேயே நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. இப்படியே விட்டால் கடைசி வரைக்கும் நீலச் சட்டையோடு நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார் என்று பயந்தாள். ராத்திரி படுத்தால் அந்தப் பயம்தான்.

இந்த நிலைமையில்தான் செப்டம்பர் வந்து, ஊரைத் திறந்துவிட்டார்கள். கூடவே இரண்டு சேதி வந்தது. ஊரடங்குக்காகக் கொடுத்த சலுகை முடிந்தது, மாசக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும் என்பது ஒன்று. அது பரவாயில்லை, வெள்ளானூரில் சொந்தமாகக் கட்டின வீட்டில் பொங்கலுக்கே பால் காய்ச்சியாயிற்று. இன்னொன்று கிருபாகரனுக்கு வந்த ஃபோன். வெள்ளிக்கிழமை காலையில் கேட்டுக்கு வந்து, லாக்கரைக் காலி பண்ணி, எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்கி, ஐடி கார்டை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அவருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா? கூப்ட்டாங்களா இல்லியா?"

"கார்டக் குடுத்துட்டுப் போவச் சொல்றாங்கங்க."

"பழச வாங்கிகினு புதுசு குடுப்பாங்களா இருக்கும்."

கலைவாணிக்கு நடக்கப்போவது கண்முன் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே விடப்போகிறார்கள். கையில் பழைய பூட்டும் அழுக்குத் துண்டுமாக இந்த மனுஷன் தனியாகக் கேட்டில் நிற்கப்போகிறார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் உடைந்துபோய்விடுவார். மொட்டை மாடிக்குப் போய் ஏகாம்பரத்துக்கு ஃபோன் போட்டாள். ஏகாம்பரம் அதே செக்‌ஷன், கிருபாகரனிடம் வேலை கற்றவன், இன்னும் சர்வீஸில் இருக்கிறவன்.

"ஊர்வலமா? இப்பயா?" என்று அலறினான். "அண்ணி, அஞ்சு பேரு சேந்து டீ குடிச்சாலே போலீஸு கேக்குது."

"பெரிசா வேணாம்பா. மாலை ஒண்ணு, மேளம் ரெண்டு. தள்ளித் தள்ளி சைக்கிள்ல வாங்க. நீங்களா வந்து அவர இட்டுகினு வந்து வுடணும். அவ்ளோதான்."

"செய்யணும்தான் அண்ணி. எங்களுக்கும் மனசு கேக்கல. ஆனா அண்ணன் இல்லாம ஊர்வலம் நடத்தி எங்களுக்குப் பழக்கமே இல்லியே. அவரு கைய காட்டுவாரு, நாங்க போவோம்."

"ஒரு நாளைக்கி நீ காட்டுப்பா. கை கீதுல்ல?"

ஏகாம்பரம் சிரித்துவிட்டான். சரி என்றான்.

அதோடு நிற்கவில்லை கலைவாணி. அதே வெள்ளிக்கிழமை வீட்டையும் மாற்றிவிடுவது என்று முடிவு பண்ணினாள். திரும்பவும் அந்த ஹாலுக்கும் அந்த நாற்காலிக்கும் வந்தால் மறுபடியும் உட்கார்ந்துகொள்வார். ஒரேயடியாக வெள்ளானூரில் போய் இறங்கட்டும் என்று கணக்குப் போட்டாள். பூந்தமல்லியிலிருந்து அஜ்மல் என்கிற பையனின் குட்டியானை வண்டியைப் பேசினாள். காலையில் சாமானை ஏற்றி இறக்க வேண்டியது, சாயங்காலம் வண்டியைக் கழுவிப் பூச்சுற்றிக் கேட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது. மாலைக்குச் சொன்னாள், லட்டுக்குச் சொன்னாள், மிக்சருக்குச் சொன்னாள். இத்தனை சொன்னவள், ஊர்வலம் எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று ஏகாம்பரத்துக்குச் சொன்னாளா? அது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிருபாகரன் புது மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். ஷூ பளபளத்தது. கார்டை ஈரத்துணியால் துடைத்துக் கழுத்தில் மாட்டினார்.

"ஏங்க, இன்னிக்கி சாமான் ஏத்துறோம். சாயங்காலம் வெள்ளானூரு வூட்டுக்கு வந்துருங்க."

"செரி, செரி" என்றார். அந்த இரண்டு செரியும் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட செரிகள் என்று கல்யாணமாகி இத்தனை வருஷமானவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டிலைக் கழற்றுகிற அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் வீடு காலியாகிவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர், ஐந்து மாசமாக அவர் உட்கார்ந்த நாற்காலி எல்லாம் வெள்ளானூர் போய்ச் சேர்ந்தன. குவார்ட்டர்ஸ் கதவைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுக்கக் கலைவாணிக்கு மனசே வரவில்லை. லாவண்யா பிறந்த வீடு அது. ஆனாலும் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மனசு லேசாகத்தான் இருந்தது. ரோட்டில் பஸ் போயிற்று. டீக்கடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். மனுஷ முகத்தையே பார்க்காமல் கிடந்தவளுக்கு அந்தப் புழுதியும் ஹாரன் சத்தமும்கூட நன்றாக இருந்தது.

சாயங்காலம் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆரத்தி கரைத்துத் தட்டில் ஊற்றி, வெற்றிலை மேல் சூடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளானூர் வீட்டைச் சுற்றி இன்னும் பாதி மனை காலிதான். எதிரே முள்ளுச்செடி, அந்தப் பக்கம் ஒரு மாடு. மேளச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. ஷிஃப்ட் விட்டு வெகுநேரமாயிற்று. கேட்டில் சண்டை போட்டிருப்பாரோ? கார்டைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டாரோ? மாலையைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டு எங்கேயாவது போய்விட்டாரோ? நிலைகொள்ளாமல் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்ததில் ஆரத்தித் தண்ணீர் தளும்பியது.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. ஏகாம்பரம்.

"அண்ணி! கதவத் தொறங்க அண்ணி! எவ்ளோ நேரம் தட்றது?"

கலைவாணி திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். அது ஆவென்று திறந்துதான் கிடந்தது.

"எந்தக் கதவப்பா?"

"உங்கூட்டுக் கதவுதான்! பி பிளாக்கு! அண்ணன் வாசல்ல நிக்கிறாரு, மேளம் அடிக்கிது, ஆரத்தியக் காணோம், உங்களயும் காணோம்!"

"அடப்பாவிகளா! அந்த வூட்டக் காலி பண்ணிட்டோம்! நான் வெள்ளானூர்ல நிக்கிறேன்!"

அந்தப் பக்கம் மேளம் நின்றது. "வெள்ளானூரா?" என்றான் ஏகாம்பரம், யாரோ அமெரிக்கா என்று சொன்னதுபோல. "ஊர்வலம்னா குவார்ட்டர்ஸுக்குத்தான அண்ணி வரும்? சைக்கிளு தானா திரும்பிடிச்சி."

"அந்த அஜ்மல் பையனுக்குத் தெரியுமே!"

"அவன், முன்னாடி போற சைக்கிளு பின்னாடியே வந்தேன்றான்."

"அவரு? அவரு கூடவா சொல்லல?"

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினான். "அண்ணன்தான் மொத ஆளா எறங்கி பாக்கெட்ல சாவி தேடினாரு அண்ணி. கேட்ல கார்டக் குடுக்கறப்போ கையே வரல அவருக்கு, ஒருவழியா குடுத்தாரு. அப்பறம் நாங்க மாலை போட்டோம், ஒண்ணும் சொல்லாம ஏறிகினாரு. இங்க வந்து பூட்டப் பாத்தவரு, அப்பிடியே படியில குந்திகினாரு."

ஒரே நாளில் கார்டும் போய் வீட்டுக்கதவும் பூட்டிக் கிடந்தால் அந்த மனுஷன் எங்கே போவார்? நல்லது பண்ணுவதாக நினைத்து இரண்டையும் ஒரே நாளில் பறித்தது நான்தானே என்று கலைவாணி தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவர வண்டில ஏத்துப்பா. இந்தப் பக்கம் இட்டுகினு வா. நான் எதுருக்க வரேன்."

"நீங்க எதுக்கு அண்ணி? வூட்லியே நில்லுங்க, நாங்களே வரோம்."

"அஞ்சு மாசமா நின்னாச்சி. வரேன்னா வரேன்!"

லாவண்யா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பின்னால் ஏறி உட்கார்ந்த அம்மாவின் கையில் ஆரத்தித் தட்டு. "மா, அதைக் கீழ வெச்சிட்டு வா."

"நீ ஓட்டுடி."

மண் ரோட்டின் முதல் பள்ளத்தில் பாதி ஆரத்தி பட்டுப்புடவையில் கொட்டியது. இரண்டாவது பள்ளத்தில் லாவண்யாவின் முதுகில் கொட்டியது. மீதியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு கலைவாணி மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கொஞ்ச தூரத்தில் போலீஸ் தடுப்புக்கு முன்னால் பூச்சுற்றின குட்டியானை நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் சைக்கிள்கள். நடுவில் முகத்துக்குப் பிளாஸ்டிக் திரை மாட்டின ஒரு போலீஸ்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரு உங்களுக்கு பர்மிஷன் குடுத்தது? கட்சி ஊர்வலமா? சாவு ஊர்வலமா? பொணம் எங்க?"

"சாவெல்லாம் இல்ல சார், நல்ல காரியம்தான் சார்" என்று ஏகாம்பரம் உளறினான்.

ஸ்கூட்டி வந்து நின்றது. புடவையெல்லாம் சிவப்பு வழிய ஒரு பொம்பளை இறங்குவதைப் பார்த்துப் போலீஸ்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "யம்மா! எங்கமா அடிபட்டுச்சி?"

"அடியெல்லாம் இல்ல சார். ஆரத்தி."

"ஆரத்தியா? யாருக்கு?"

எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். பின்பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல், கழுத்துக் கொள்ளாத ரோஜா மாலையும் சால்வையுமாகக் கிருபாகரன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள் கிடந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாஸ்க் வேறு பாதியை மறைத்துக்கொண்டிருந்தது.

"யோவ் பெரியவரே, உனுக்குத்தான் இந்தக் கூத்தா? யாரு நீ? இன்னா விசேஷம்?"

கலைவாணி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் அதை அவள் ஐந்து மாசமாகச் சொல்லிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

கிருபாகரன் வண்டியிலிருந்து இறங்கினார். மாலையைச் சரிபண்ணிக்கொண்டு போலீஸ்காரர் எதிரில் வந்து நின்றார். கலைவாணியைப் பார்த்தார், அவள் புடவையில் வழிந்திருந்த ஆரத்தியைப் பார்த்தார், சுற்றி நின்ற தன் செக்‌ஷன் ஆட்களைப் பார்த்தார்.

"நான் ரிட்டையர் ஆயிட்டேன் சார்" என்றார்.

சொல்லிவிட்டுச் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஃபிட்டரு. முப்பத்தேழு வருஷம் சர்வீஸு. இவங்கல்லாம் என்கூட வேலை செஞ்சவங்க. இது என் சம்சாரம். என்னிய வூட்டுக்கு இட்டுகினு போறாங்க."

போலீஸ்காரரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எப்போ ரிட்டையர் ஆனீங்க?"

"ஏப்ரல்ல சார்."

"ஏப்ரலா? இது செப்டம்பர் ஆச்சே!"

"ஆமா சார்" என்றார் கிருபாகரன். "கெளம்பி வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சி."

கலைவாணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நடுரோடு என்றும் பார்க்கவில்லை, போலீஸ் என்றும் பார்க்கவில்லை, ஓவென்று அழுதாள். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்குகிறபோது சத்தம் போடாமல் எப்படி இறங்கும்? லாவண்யா வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் மாஸ்க்கை ஏற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

போலீஸ்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தடுப்பை அவரே இழுத்து நகர்த்தினார். "கும்பலாப் போவாதீங்க. ரெண்டு ரெண்டு சைக்கிளா, எடம் உட்டுப் போங்க. மேளம் அடிக்கக் கூடாது." சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "அந்த வளைவத் தாண்டிட்டா எனுக்குக் காது கேக்காது" என்றார்.

"மா, இங்கயே சுத்திடும்மா, மிச்சமும் கொட்டிடப்போகுது" என்றாள் லாவண்யா. அஜ்மல் தீப்பெட்டியை நீட்டினான். "அக்கா, கையில சானிடைசர் போட்டுகீறீங்களா? பாத்து, பத்திக்கப்போவுது" என்று வேறு எச்சரித்தான். சூடம் எரிந்தது. தட்டில் இருந்தது ஒரு கை சிவப்புத் தண்ணீர்தான். அதை வைத்துக்கொண்டு லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டு ஓரத்தில் தன் வீட்டுக்காரருக்கு ஆரத்தி சுற்றினாள் கலைவாணி. நெற்றியில் பொட்டு வைக்கும்போது பார்த்தாள், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றார், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாட்டம்.

"ஏறுங்க அண்ணே, போலாம்" என்றான் ஏகாம்பரம். "இந்தத் தபா நேரா வெள்ளானூரு. நான் முன்னாடி போறேன்."

கிருபாகரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா? முன்னாடி போயி இன்னிக்கி நீ கிழிச்சது போதாதா? போலீஸுகிட்ட மாட்டிவுட்டது பத்தாதா?" ஐந்து மாசத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டதும் செக்‌ஷன் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "ஊர்வலம் நடத்துற லட்சணமாடா இது? மேளம் முன்னாடியா வரும்? நடுவுல போடு. சைக்கிளெல்லாம் ஓரமா எடு. என் வூட்டுக்கு வழி உனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா?"

கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கலைவாணியின் கழுத்தில் போட்டார். "நீ வண்டில ஏறு கலை" என்றார். வண்டியிலிருந்து தன் சைக்கிளை இறக்கி, சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, பின்பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். சைக்கிள்கள் இரண்டிரண்டாக நகர்ந்தன. வளைவைத் தாண்டியதும் மேளம் அடித்துத் தூள் கிளப்பியது.

தனக்கு நடக்கிற ஊர்வலத்தைத் தானே நடத்திக்கொண்டு போகிற ஆளை அந்த ரோடு அதற்கு முன்னால் பார்த்திருக்காது. முன்சீட்டில், மடி நிறைய ரோஜா மாலையோடு, புடவையெல்லாம் ஆரத்திக் கறையோடு கலைவாணி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியே அவருடைய முதுகு தெரிந்தது. வெள்ளானூர் பிரிகிற முனை வந்ததும் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் மேளக்காரர்களை ஓரம் கட்டி, மறு கையால் வண்டிக்கு வழி காட்டினார்.

"அக்கா, சார் கைய காட்டினு கீறாரு. திரும்பவா?" என்று கேட்டான் அஜ்மல்.

"திரும்புப்பா" என்றாள் கலைவாணி. "அவரு பின்னாடியே போ."